அமெரிக்கச் சந்தைக்குக் குழந்தைப் பொருள்: சிபிஎஸ்ஐஏ சோதனையும் சான்றும், சிறு உற்பத்தியாளருக்கான முழு வழிகாட்டி

அமெரிக்காவில் 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கென்று ஒரு பொருளைச் செய்தாலும் இறக்குமதி செய்தாலும் அது சிபிஎஸ்ஐஏ சட்டத்துக்குள் வந்துவிடும். பொம்மை, சட்டை, பை, மணிமாலை, தொட்டில் என்று எதற்கும் விலக்கில்லை. 2008 ஆகஸ்ட் 14 அன்று கையெழுத்தான நுகர்வோர் பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டத்தைத்தான் தொழிலில் இருப்பவர்கள் இப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். அதை அமல்படுத்துவது சிபிஎஸ்சி என்னும் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம்.

சட்டம் சொல்லும் வரம்புகளுக்குள் நிற்பது பெரிய வித்தை இல்லை. நல்ல மரம், நல்ல பருத்தி, தெரிந்த இடத்துப் பெயின்ட் என்று வேலை செய்பவரின் பொருள் பெரும்பாலும் ஏற்கெனவே வரம்புக்குள்தான் இருக்கும். அதைக் காகிதத்தில் நிரூபிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சோதனைக் கட்டணம் விற்பனை அளவைப் பார்த்து வருவதில்லை, வகைகளின் எண்ணிக்கையைப் பார்த்து வருகிறது. பேச்சுக்கு ஒரு வடிவத்துக்கு 600 டாலர் என்று வையுங்கள். பத்தாயிரம் விற்பவருக்கு ஒரு பொருளுக்கு 6 சென்ட் விழும், நூறு விற்பவருக்கு 6 டாலர் விழும். அந்த நூறையும் ஐந்து வடிவமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேறு பெயின்ட், வேறு பொத்தான் வைத்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் சுமையைக் குறைக்கும் வேலை ஆய்வகத்தில் தொடங்குவதில்லை. எந்தப் பொருளை எதனால் செய்கிறோம் என்று முடிவெடுக்கும் மேசையிலேயே தொடங்குகிறது.

கொஞ்சம் வரலாறு தெரிந்தால் விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது புரியும். 2007இல் ஈயப் பெயின்ட் பூசிய பொம்மைகளை மேட்டல் உட்படப் பெரிய நிறுவனங்கள் லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றன. அந்தக் கோபத்தில் பிறந்த சட்டம் இது. 2009 பிப்ரவரி 10 முதல் முக்கிய வரம்புகள் நடைமுறைக்கு வரவிருந்தபோது, கையால் பொம்மை செய்பவர்கள் அந்த நாளுக்கு 'தேசிய திவால் நாள்' என்றே பெயர் வைத்தார்கள். ஹேண்ட்மேட் டாய் அலையன்ஸ் என்ற சங்கம் உருவானதும் அப்போதுதான். வேடிக்கை என்னவென்றால், அதே 2009இல் மேட்டல் தன் சொந்த ஆய்வகங்களிலேயே சோதிக்க அனுமதி வாங்கிவிட்டது. கொட்டகையில் நாலு பேர் வைத்து மரப்பொம்மை கடைபவருக்கு அந்த வழி இல்லை. 2011 ஆகஸ்டில் வந்த திருத்தம்தான் சிறு உற்பத்தியாளருக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தது. அதை முழுதாகப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 1: பொருளின் வயதைத் தீர்மானியுங்கள்

எந்த விதி பொருந்தும் என்பதை வயதுதான் முடிவு செய்கிறது. ஆணையம் நான்கு விஷயங்களைப் பார்க்கும்: உற்பத்தியாளர் எழுதியிருக்கும் வயது, பெட்டியிலும் விளம்பரத்திலும் பொருளைக் காட்டும் விதம், பொதுமக்கள் அதை யாருடைய பொருளாகப் பார்க்கிறார்கள் என்பது, பிறகு ஆணையமே வெளியிட்டுள்ள வயது வழிகாட்டுதல். நீங்கள் எழுதுவது இந்த நான்கில் ஒன்று மட்டும்தான்.

இங்கேதான் பலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். கிலுகிலுப்பையின் மேல் '3 வயதுக்கு மேல்' என்று எழுதிவிட்டால் சிறு உதிரி விதியிலிருந்து (குழந்தை விழுங்கி மூச்சடைக்கக்கூடிய சிறு துண்டுகளைத் தடுக்கும் விதி) தப்பிக்கலாம் என்று நினைப்பார்கள். மெத்தென்ற துணிப்பொம்மை, கிலுகிலுப்பை, இழுபொம்மை எல்லாம் 3 வயதுக்குக் குறைந்த குழந்தையின் பொருளாகவே பார்க்கப்படும். பெட்டியில் என்ன எழுதினாலும் அது மாறாது.

மறுபக்கமும் உண்டு. பெரியவர்களும் சிறுவர்களும் ஒன்றுபோலப் பயன்படுத்தும் பொருள், உதாரணமாக அலங்காரமில்லாத சாதாரணப் பேனா, குழந்தைப் பொருள் ஆகாது. அதே பேனாவின் தலையில் ஒரு பொம்மைக் கரடியை வைத்து, சிறுவர் கடைக்கென்று விற்றால் ஆகிவிடும். பொருள் இரண்டுக்கும் நடுவில் நின்றால், வடிவத்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

படி 2: ஒரு பொருளை உதிரி உதிரியாகப் பிரித்து எழுதுங்கள்

முழு வேலையிலும் அதிக நேரம் இதற்குத்தான் போக வேண்டும். சட்டம் பொருளை முழுதாகப் பார்ப்பதில்லை, அதில் குழந்தையின் கை எட்டும் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கான மர இழுபொம்மை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

உடல் பீச் மரம், பெயின்ட் இல்லை. சக்கரம் நான்கும் அதே மரம், சிவப்பு பெயின்ட். காதில் நீலம், கண்ணில் கறுப்பு. சிவப்புக்கு அடியில் வெள்ளை பிரைமர், எல்லாவற்றுக்கும் மேல் வார்னிஷ். அச்சு இரும்புக் கம்பி, அதன் முனையில் பித்தளைத் தொப்பி. இழுக்கப் பருத்திக் கயிறு, கயிற்று நுனியில் மர மணி. ஒட்டுவதற்குப் பசை.

பார்வைக்கு இது ஒரே பொம்மை. சோதனைக் கணக்கில் மேற்பூச்சே ஐந்து: சிவப்பு, நீலம், கறுப்பு, பிரைமர், வார்னிஷ். கண்ணுக்குத் தெரியாத பிரைமரையும் நிறமில்லாத வார்னிஷையும் எழுத மறப்பதுதான் இந்தப் படியில் அதிகம் நடக்கும் பிழை. உலோகம் இரண்டு. பெயின்டோ முலாமோ பூசி மூடிவிட்டால் அடியில் இருப்பது கை எட்டாத பாகம் என்ற வாதம் செல்லாது, சட்டமே அதை மறுக்கிறது.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே சப்ளையர் பெயர், அவருடைய பொருள் எண், கடைசியாக வாங்கிய பேட்ச் எண் மூன்றையும் எழுதுங்கள். பின்னால் வரும் எல்லாக் காகிதத்துக்கும் இந்தப் பட்டியல்தான் முதுகெலும்பு.

படி 3: சோதனையே தேவைப்படாத வரிகளை அடியுங்கள்

சில பொருட்களில் இயல்பாகவே வரம்பை மீறும் அளவு ஈயம் இருக்காது என்று ஆணையம் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறது. 16 சிஎஃப்ஆர் 1500.91 என்ற விதியில் பட்டியல் இருக்கிறது (சிஎஃப்ஆர் என்பது அமெரிக்க அரசின் விதித்தொகுப்பு). ஈயத்துக்கு வெளி ஆய்வகச் சோதனை வேண்டாதவற்றுள் சிறு தொழிலுக்கு முக்கியமானவை இவை:

- மரம், காகிதம்
- சாயமிட்டதும் இடாததுமான துணி, நூல் (மேலே அடித்த ஸ்கிரீன் பிரின்ட், ஒட்டுப்படம் இதில் சேராது)
- துருப்பிடிக்காத எஃகு வகைகளில் பெரும்பாலானவை, 303பிபி என்ற ஈயம் கலந்த வகை நீங்கலாக
- 10 காரட்டும் அதற்கு மேலுமான தங்கம், குறைந்தது 925 தரமுள்ள வெள்ளி
- நான்கு நிற அச்சு மை (தனியாகக் கலந்த ஸ்பாட் நிறத்துக்கு இது பொருந்தாது)
- விதை, சிப்பி, இறகு, தேன்மெழுகு போன்றவை

பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் என்ற வேதிப்பொருளுக்கான சோதனைக்கும் இப்படி விலக்குகள் உண்டு. பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன், ஏபிஎஸ் போன்ற சில பிளாஸ்டிக்குகளுக்கு, குறிப்பிட்ட சேர்மானங்களோடு இருந்தால், வெளி ஆய்வகச் சோதனை வேண்டாம். பிவிசி அந்தப் பட்டியலில் இல்லை.

நம் இழுபொம்மையில் மரம், கயிறு இரண்டும் பட்டியலை விட்டுப் போய்விட்டன. இனி செய்ய வேண்டியது வடிவ மாற்றம். இரும்புக் கம்பியை எடுத்துவிட்டு மரக்குச்சி அச்சு வைத்தால் ஒரு வரி போகும். பித்தளைத் தொப்பியை எப்படியும் எடுக்கத்தான் வேண்டும். கடைசலுக்கு எளிதாக வரும் பித்தளையில் 2.5 முதல் 3 சதவீதம் வரை ஈயம் சேர்த்திருப்பார்கள். அது 25,000 முதல் 30,000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் அத்தனை பங்கு. சட்டத்தின் வரம்பு 100 பிபிஎம். சோதனைக்குக் காசு கொடுத்துத் தோற்பதற்கு இதைவிட நிச்சயமான வழி கிடையாது. பிரைமரை விட்டு, சிவப்பை நேராக மரத்தில் பூச முடிந்தால் இன்னொரு வரி போகும். கறுப்புக் கண்ணை நெருப்பில் சுட்ட புள்ளியாக்கினால் அதுவும் போகும். ஐந்து பூச்சு, இரண்டு உலோகம் என்று இருந்த பட்டியல் மூன்று பூச்சுக்கு வந்துவிட்டது. பொம்மையின் அழகு குறையவில்லை.

இதே யோசனையைக் கடையில் உள்ள எல்லா வடிவங்களுக்கும் சேர்த்து ஓட்டுங்கள். இருபது வடிவங்களுக்கும் பொதுவாக ஆறு நிறம் என்று முடிவு செய்துவிட்டால் பெயின்ட் சோதனை ஆறோடு நின்றுவிடும்.

படி 4: மிஞ்சிய வரிகளுக்கு எந்த விதி என்று எழுதுங்கள்

மேற்பூச்சில் ஈயம் 90 பிபிஎம், அதாவது 0.009 சதவீதம். மற்ற பாகங்களில் மொத்த ஈயம் 100 பிபிஎம். இந்த இரண்டும் எல்லாக் குழந்தைப் பொருளுக்கும் உண்டு.

தாலேட் விதி எல்லாவற்றுக்கும் கிடையாது. பொம்மைகளுக்கும், 3 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தையின் தூக்கம், ஊட்டல், சப்புதல், பல் முளைத்தல் ஆகியவற்றுக்கு உதவும் பொருட்களுக்கும் மட்டுமே உண்டு. அங்கே எட்டு வகைத் தாலேட்டுகளில் ஒவ்வொன்றும் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எட்டு வயதுப் பையனின் டி-ஷர்ட்டுக்கு இது பொருந்தாது, ஒரு வயதுக் குழந்தையின் எச்சில் துணிக்குப் பொருந்தும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ஆய்வகத்துக்கு அனுப்பினால் இரண்டுக்கும் சோதித்துப் பில் போடுவார்கள். மென்மையான பிவிசி, பிவிசி கலந்த பிளாஸ்டிசால் மையில் அடித்த ஸ்கிரீன் பிரின்ட் இரண்டிலும்தான் தாலேட் அதிகம் பிடிபடும். தண்ணீர் சேர்ந்த மைக்கு மாறுவது நல்லது.

பொம்மை என்றால் ஏஎஸ்டிஎம் எஃப்963 தரநிலை கட்டாயம், இப்போது 2023 பதிப்பு. கூர்முனை, கயிறு, காந்தம், ஒலி, எட்டு கன உலோகங்கள் என்று அதில் பல பிரிவுகள். நம் பொம்மையின் கயிற்று நுனி மணி இதில்தான் மாட்டும்: 3 வயதுக்குக் குறைந்தவர்களுக்கான இழுபொம்மையில் கயிறு 12 அங்குலத்துக்கு மேல் இருந்தால், சிக்கிச் சுருக்காக மாறக்கூடிய மணியோ வேறு இணைப்போ அதில் இருக்கக் கூடாது. கயிற்றைக் குறையுங்கள், அல்லது மணியை எடுத்து நுனியில் சாதாரண முடிச்சுப் போடுங்கள். பொத்தான் பேட்டரியும் சிறு காந்தமும் சிறு உற்பத்தியாளருக்கு ஆகாத சமாச்சாரங்கள். தரநிலையைப் படித்து முடிப்பதற்குள் அந்தப் பொம்மையின் பருவமே போய்விடும்.

3 வயதுக்குக் குறைந்தவர்களின் பொருளென்றால் சிறு உதிரி விதி சேரும். உடை என்றால் துணி எரியும் வேக விதி. ஆனால் மேற்பரப்பு சமமாக உள்ள துணி சதுர கஜத்துக்கு 2.6 அவுன்ஸும் அதற்கு மேலும் எடையிருந்தால், சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 88 கிராம், அந்தச் சோதனை வேண்டாம். பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக், கம்பளி போன்றவற்றுக்கு எடை எதுவானாலும் வேண்டாம். இரவு உடைக்குத் தனி விதி, அது கடுமையானது. 2டி (இரண்டு வயதுக் குழந்தைக்கான அளவு) முதல் 12 வரையான அளவுகளில் கழுத்திலும் தலைமூடியிலும் இழுகயிறு வைக்கவே வைக்காதீர்கள்.

படி 5: சிறு தொகுதி உற்பத்தியாளராகப் பதிவு செய்யுங்கள்

2011 திருத்தம் தந்த சலுகை இது. முந்தைய காலண்டர் ஆண்டில் எல்லா நுகர்வோர் பொருட்களின் விற்பனையும் சேர்த்து 10 லட்சம் டாலருக்குள் இருக்க வேண்டும் என்று சட்டம் முதலில் வைத்தது. பணவீக்கத்துக்கேற்ப இந்த வரம்பை ஆணையம் உயர்த்திவருகிறது. குறிப்பிட்ட பொருள் அந்த ஆண்டில் 7,500க்கு மேல் தயாராகியிருக்கக் கூடாது. கணக்கில் வருவது தயாரான எண்ணிக்கை, விற்ற எண்ணிக்கை அல்ல. ஆணையத்தின் இணையதளத்தில் பதிந்தால் ஒரு பதிவெண் கிடைக்கும். ஒவ்வொரு ஆண்டும் புதிதாகப் பதிய வேண்டும்.

பதிந்துவிட்டால் எல்லாச் சோதனையும் போய்விடும் என்று எண்ண வேண்டாம். விதிகள் இரண்டு தொகுப்பாகப் பிரிகின்றன. ஏ தொகுப்பில் பெயின்டில் ஈயம், சிறு உதிரி, சூப்பான், தொட்டில், கைக்குழந்தைகளின் நீடித்து உழைக்கும் சாமான்கள், குழந்தை நகைகளின் உலோகத்தில் ஈயம் ஆகியவை. இவற்றுக்கு நீங்கள் எவ்வளவு சிறியவரானாலும் வெளி ஆய்வகம்தான். பி தொகுப்பில் மொத்த ஈயம், தாலேட், எஃப்963இன் பல பிரிவுகள், உடை எரியும் வேகம் போன்றவை. இவற்றுக்கு வெளி ஆய்வகம் கட்டாயமில்லை. ஆனால் வரம்புக்குள் இருந்தே ஆக வேண்டும், சான்றிதழும் தந்தே ஆக வேண்டும். சப்ளையரின் அறிக்கை, சொந்தச் சோதனை போன்ற நியாயமான ஆதாரம் கையில் இருந்தால் போதும்.

நம் பொம்மைக்கு இதன் பொருள்: மூன்று பூச்சுக்கும் ஈயச் சோதனை, சிறு உதிரிச் சோதனை இரண்டுக்கு மட்டுமே வெளி ஆய்வகம். மற்றதெல்லாம் உங்கள் கோப்பில் இருந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பெரிய இணையச் சந்தைகளில் விற்பதானால் அவர்கள் இந்தச் சலுகையைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. பி தொகுப்புக்கும் ஆய்வக அறிக்கை கேட்பார்கள், இல்லையென்றால் பொருளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். சட்டம் விட்டதைச் சந்தை விடுவதில்லை. சொந்தத் தளம், கண்காட்சி, சிறு கடைகள் வழியாக விற்பவருக்கே இந்தப் பதிவின் முழுப் பலன் கிடைக்கும்.

படி 6: சப்ளையரின் காகிதத்தை வாங்குங்கள், ஆனால் படித்துப் பாருங்கள்

16 சிஎஃப்ஆர் 1109 என்ற விதி, முடிந்த பொருளுக்குப் பதில் உதிரியைச் சோதித்த அறிக்கையை ஏற்கிறது. பெயின்டை டப்பாவிலிருந்து எடுத்து, ஏதாவது ஒரு பரப்பில் பூசி உலர்த்தி, ஒருமுறை சோதித்தால் போதும். அந்த டப்பாவின் பேட்ச் எத்தனை வடிவத்தில் போனாலும் அதே அறிக்கை பேசும். பெயின்ட் தயாரிப்பவரே சோதித்து வைத்திருந்தால் உங்களுக்குச் செலவே இல்லை. ஒரே பெயின்டை வாங்கும் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பேட்சை எடுத்துச் சோதித்துக் காகிதத்தைப் பகிர்ந்துகொள்ளவும் விதி இடம் தருகிறது.

வரும் அறிக்கையில் இவற்றைப் பாருங்கள். பெயின்டுக்குச் சோதனை முறை சிபிஎஸ்சி-சிஹெச்-இ1003-09.1 என்று இருக்க வேண்டும். உலோகத்துக்கு இ1001-08.3, உலோகமல்லாததுக்கு இ1002-08.3. ஆய்வகத்தின் பெயர் ஆணையத்தின் ஏற்புப் பட்டியலில், அதுவும் அதே சோதனைக்கு நேராக, இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 17025 என்ற சர்வதேச ஆய்வகத் தர அங்கீகாரம் மட்டும் இருந்தால் போதாது. பேட்ச் எண்ணும் நிறத்தின் பெயரும் நீங்கள் வாங்கிய டப்பாவோடு பொருந்த வேண்டும்.

பெரும்பாலும் தவறு நடப்பது இரண்டு இடங்களில். ஒன்று, ஐரோப்பாவின் இஎன் 71-3 அறிக்கையைக் கொடுத்து 'எல்லாம் பாஸ்' என்பார்கள். அது அமிலத்தில் கரைந்து வெளியேறும் அளவை அளப்பது. அமெரிக்கச் சட்டம் கேட்பது பொருளில் உள்ள மொத்த ஈயம். இரண்டு எண்களையும் ஒப்பிடவே முடியாது. இரண்டு, பழைய வரம்பை வைத்து 'தேறியது' என்று எழுதிய அறிக்கை. பொதுப் பாகங்களுக்கு 2009இல் 300 பிபிஎம் இருந்தது, 2011 ஆகஸ்டிலிருந்துதான் 100. 'தேறியது' என்ற சொல்லை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

படி 7: ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் நீங்களே உடைத்துப் பாருங்கள்

தோற்ற சோதனைக்கும் முழுக் கட்டணம்தான். சிறு உதிரிச் சோதனையை வீட்டிலேயே கிட்டத்தட்ட சரியாகச் செய்துவிடலாம்.

குழாய்: உள்விட்டம் 31.7 மி.மீ., சாய்ந்த அடி, ஆழம் 25.4 முதல் 57.1 மி.மீ. விலைக்கே கிடைக்கும். அழுத்தாமல், எந்தக் கோணத்திலாவது முழுதாக உள்ளே அடங்கும் துண்டு எதுவும் சிறு உதிரிதான். பொம்மையாக வரும்போது அடங்காதிருந்தால் மட்டும் போதாது, விழுந்து, திருகி, இழுபட்ட பிறகு பிரியும் துண்டும் அடங்கக் கூடாது.

விழும் சோதனை: 18 மாதம் வரையான குழந்தைப் பொருளை நாலரை அடி உயரத்திலிருந்து 10 முறை போட வேண்டும். 18 மாதத்துக்கு மேல் 3 வயது வரை என்றால் 3 அடியிலிருந்து 4 முறை. தரை, கான்கிரீட்டின் மேல் ஒட்டிய எட்டில் ஒரு அங்குல வினைல் ஓடு. இழுக்கும் சோதனை: 18 மாதம் வரை 10 பவுண்டு, அதற்கு மேல் 15 பவுண்டு. விசையை 5 விநாடியில் மெதுவாக ஏற்றி, 10 விநாடி பிடிக்க வேண்டும். பயணப் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு இதற்குப் போதும். காது, கண், பொத்தான், தையல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுங்கள்.

மரப்பொம்மையில் தோல்வி வருவது பெரும்பாலும் ஒட்டிய குச்சியில். ஈரம் போகாத மரத்தில் குச்சியை ஒட்டினால், பொம்மை குளிர்கால வீட்டின் வறண்ட காற்றில் போய் உட்கார்ந்ததும் குச்சி சுருங்கிக் கழன்று வரும். ஒட்டுவதற்கு முன் மரத்தின் ஈரம் 6 முதல் 8 சதவீதத்துக்கு வர வேண்டும். துணிப்பொம்மையில் தோல்வி பிளாஸ்டிக் கண்ணில். கண்ணை நூலால் தைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

எக்ஸ்-கதிரால் உலோகங்களைக் கண்டறியும் எக்ஸ்ஆர்எஃப் கருவியை வாடகைக்கு எடுத்தோ, வைத்திருப்பவரிடம் கொடுத்தோ ஜிப், ஸ்னாப் பட்டன், மணிகளை முதலில் ஓட்டிப் பார்ப்பது நல்ல யோசனை. ஈயத்தைச் சில நிமிடத்தில் காட்டிவிடும். தாலேட்டை அது காட்டாது. மெல்லிய பூச்சில் வரும் அளவை இறுதி முடிவாக எடுக்காதீர்கள்.

படி 8: ஆய்வகத்தோடு பேசும் விதம்

'இந்தப் பொம்மையைச் சோதியுங்கள்' என்று அனுப்பினால் முழுப் பொதியாகத்தான் விலை வரும். பதிலாக, படி 2இன் பட்டியலை, அடித்த வரிகளோடும் அடித்ததற்கான விதி எண்ணோடும் சேர்த்து அனுப்பி, மிஞ்சியவற்றுக்கு மட்டும் விலை கேளுங்கள். மூன்று இடத்தில் கேளுங்கள். எத்தனை மாதிரி வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உடைக்கும் சோதனைக்கு அரை டஜன் முதல் ஒரு டஜன் வரை கேட்பது சாதாரணம். விலை உயர்ந்த பொருளுக்கு அதுவே கட்டணத்தைவிடப் பெரிய செலவாகலாம்.

பூச்சுகளைச் சேர்த்துச் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள். மூன்று பெயின்டைச் சம எடையில் கலந்து ஒரே சோதனையாகச் செய்ய விதி அனுமதிக்கிறது. ஆனால் கணக்கு மாறும். ஒன்றில் மட்டும் 90 பிபிஎம் இருந்து மற்ற இரண்டும் சுத்தமாக இருந்தால் கலவை 30 காட்டும். அதனால் கலவையின் முடிவு 30ஐத் தாண்டினால் தனித்தனியே திரும்பச் செய்ய வேண்டும், கூடுதல் செலவு. நல்ல பெயின்டுகளில் ஈயம் கண்டறியும் அளவுக்கே கீழே நிற்பதால் பெரும்பாலும் இந்தப் பந்தயம் ஜெயிக்கும்.

ஒருவேளை தோற்றுவிட்டால் அதே மாதிரியை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறிய காகிதத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் யோசனை வரும். வேண்டாம். தோற்றதற்குக் காரணம் கண்டு சரிசெய்த பிறகே மறுசோதனை. ஆய்வகத்தை நெருக்கக் கூடாது என்று எழுத்தில் ஒரு கொள்கையும், பணியாளர்கள் அதைப் படித்ததற்குக் கையெழுத்தும் கோப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு பக்கத்தில் முடியும் வேலை, ஆனால் பல சிறு தொழில்களின் கோப்பில் இருக்காது.

படி 9: சான்றிதழும் லேபிளும்

குழந்தைப் பொருள் சான்றிதழை ஆய்வகம் தருவதில்லை, அரசும் தருவதில்லை. நீங்களே எழுத வேண்டும். அமெரிக்காவில் தயாரானால் உற்பத்தியாளரும், வெளிநாட்டிலிருந்து வந்தால் இறக்குமதியாளரும் எழுத வேண்டும். ஆங்கிலத்தில், ஏழு விஷயங்கள்: பொருளின் அடையாளம், பொருந்தும் ஒவ்வொரு விதியின் எண், சான்று தருபவரின் பெயர், முகவரி, தொலைபேசி, சோதனைப் பதிவுகளை வைத்திருப்பவரின் தொடர்பு, தயாரான மாதம், ஆண்டு, ஊர், சோதித்த தேதி, இடம், ஆய்வகத்தின் பெயர். பி தொகுப்பு விதிகளுக்கு ஆய்வகம் இல்லாத இடத்தில் சிறு தொகுதிப் பதிவெண்ணைக் குறிப்பிடுங்கள். பொருந்தாத விதியை 'பாதுகாப்புக்கு இருக்கட்டும்' என்று சேர்க்காதீர்கள். சேர்த்ததற்கு ஆதாரம் கேட்டால் கையை விரிக்க வேண்டிவரும்.

இறக்குமதிக்கு 2026 ஜூலை 8 முதல் இந்தச் சான்றின் விவரங்களைச் சரக்கு நுழையும்போதே மின்னணு முறையில் தாக்கல் செய்ய வேண்டும். சிறு மதிப்புப் பார்சலென்றாலும் விலக்கில்லை. அமெரிக்காவுக்கு அனுப்புபவர் இனிப் பெட்டி கட்டும் முன்பே சான்றை முடித்திருக்க வேண்டும்.

தடமறி லேபிள் பொருளிலும் பெட்டியிலும் அழியாதபடி இருக்க வேண்டும். உற்பத்தியாளர் பெயர், தயாரான இடம், தேதி, பேட்ச் எண். மரத்தில் சூட்டு முத்திரை, துணியில் தைத்த பட்டி. ஒட்டும் காகிதம் ஒரு குளியலுக்குத் தாங்காது. பேட்ச் எண்ணை அலட்சியமாகப் போடுபவர்களே அதிகம். ஆண்டு முழுவதற்கும் ஒரே எண் போட்டால், ஒரு டப்பா பெயின்டில் கோளாறு வந்தாலும் ஆண்டு முழுவதும் விற்றதைத் திரும்ப வாங்க வேண்டும். பெயின்ட் டப்பா மாறும்போதெல்லாம் எண்ணை மாற்றினால் நாற்பது ஐம்பது பொம்மையோடு முடியும்.

படி 10: அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும்

உற்பத்தி தொடர்ந்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுசோதனை வேண்டும். எழுத்தில் உற்பத்திச் சோதனைத் திட்டம் வைத்திருந்தால் அது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆகும். இடையில் சப்ளையர், பெயின்ட், பசை, செய்முறை மாறினால் அது பொருள் மாற்றம். மாறிய உதிரியை மட்டும் சோதித்தால் போதும். பதிவுகள் ஐந்து ஆண்டு இருக்க வேண்டும்.

பொருளில் பெரும் ஆபத்து இருப்பதாகவோ விதி மீறியதாகவோ தகவல் கிடைத்தால் 24 மணி நேரத்தில் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். தகவல் உறுதியாக இல்லாவிட்டால் விசாரிக்கப் பொதுவாக 10 வேலை நாள் தருகிறார்கள். 'கண் கழன்று வந்தது' என்று வாடிக்கையாளர் அனுப்பும் இரண்டு வரியும் தகவல்தான். தேதியோடு குறித்து வையுங்கள். மறைத்ததற்கான அபராதத்தைச் சட்டம் ஒரு மீறலுக்கு ஒரு லட்சம் டாலர் வரை என்று வைத்தது, பிறகு அது உயர்ந்திருக்கிறது.

சந்தேகம் வந்தால் ஆணையத்தில் சிறு தொழிலுக்கென்றே ஒரு அலுவலர் இருக்கிறார். கேள்வி கேட்டதற்காக யாரும் சோதனை போட வர மாட்டார்கள். எந்த விதி பொருந்தும் என்று கேள்வி பதிலாகக் காட்டும் கருவியும் அவர்கள் தளத்தில் உண்டு, இலவசம்.

அக்டோபரில் உற்பத்திக் கணக்கை எடுத்துப் பாருங்கள். ஒரு வடிவம் 7,500ஐத் தாண்டினால் அடுத்த ஆண்டு அந்த ஒன்றுக்கு மட்டும் பி தொகுப்புச் சோதனைகள் சேரும், மற்ற வடிவங்களுக்குச் சலுகை தொடரும். மொத்த விற்பனை வரம்பைத் தாண்டினாலோ எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகப் போய்விடும். டிசம்பர் ஆர்டரை ஏற்பதா வேண்டாமா என்பதை அந்தச் செலவையும் சேர்த்து முடிவு செய்யுங்கள்.